இருபது தகர வீடு வேண்டாம், எட்டுக் கல்வீடு கட்டுங்கள்



நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டும் வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள்.

டித்வாவுக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுப்பதற்காக நிதி சேர்க்கும் வட்ஸ்அப் குழுமத்தில் போன வாரம் ஒரு படம் வந்தது. வெள்ளைத் தகரச் சுவர், நீலத் தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு யன்னல். நடுவில் ரெஜிபோம் வைத்த சாண்ட்விச் பனலாம். மூன்று நாளில் பூட்டி முடிக்கலாமாம். ஆனையிறவுப் பக்கம் இருபது குடும்பத்துக்கு இருபது வீடு, நோன்புக்கு முன் திறப்பு விழா. படத்தின் கீழே வரிசையாக 'மாஷா அல்லாஹ்'. நாங்கள் 'வேண்டாம்' என்று எழுதினோம். அதற்குப் பிறகு நடந்தது குழுமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். நல்ல காரியத்தைக் குழப்புகிறார்கள், வாத்திமாருக்கு எல்லாவற்றிலும் பிழை பிடிக்கத்தான் தெரியும், இவர்கள் எத்தனை வீடு கட்டினார்கள் என்றெல்லாம் வந்தது.

நாங்கள் ஒரு வீடும் கட்டவில்லை. கட்டடம் படித்தவர்களும் இல்லை. கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டு, தினமும் ஏ9 வீதியால் ஆனையிறவைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்வரும் நாலு ஆசிரியர்கள். இருபது குடும்பங்களின் பட்டியலை எடுத்துக் கொடுத்ததே நாங்கள்தான். அந்தப் பட்டியலில் உள்ள பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணம் அனுப்பும் சகோதரர்களில் பலர் ஆனையிறவை ரயில் யன்னலால் மட்டும் பார்த்தவர்கள். இரண்டு பக்கமும் கடல்நீர் ஏரி, நடுவில் ஒடுங்கிய தரை. வெயிலும் காற்றும் தண்ணீரை வற்ற வைத்து உப்பாக்குகிற இடம் என்பதால்தான் வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே உப்பளம் போட்டார்கள். யுத்தத்தில் அழிந்த அந்த உப்பளத்தின் தொழிற்சாலையை 2025 மார்ச்சில் திறந்தபோது நாமெல்லாரும் பதிவு போட்டுக் கொண்டாடினோம். பொதிக்கு 'ரஜ லுணு' என்று பெயர் வைத்ததற்குச் சண்டையும் பிடித்தோம். ஆனால் அதே உப்பு காற்றிலும் இருக்கிறது, மண்ணிலும் இருக்கிறது, கிணற்றிலும் இருக்கிறது என்பதை வீடு என்றவுடன் மறந்துவிடுகிறோம். எங்கள் பள்ளிக்கூடத்து இரும்புக் கேற்றுக்கு எத்தனை தரம் வர்ணம் பூசினாலும் அடுத்த மாரி முடியுமுன் கீழ்ப்பக்கம் செதில் செதிலாகக் கழரும். பிள்ளைகளின் சைக்கிள் செயின் ஒரு வருடம் ஓடினால் அதிர்ஷ்டம். இந்தக் காற்றுக்குள்தான் மெல்லிய இரும்புச் சட்டத்தில் தகரத்தைத் திருகி வீடு என்று கொடுக்கப் போகிறோம்.

இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. இந்த விவாதம் பத்து வருடத்துக்கு முன் நடந்து முடிந்தது. 2015, 2016 இல் அன்றைய அரசாங்கம் வடக்குக் கிழக்கில் யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் கட்டப் போகிறோம் என்று ஆர்செலர் மிட்டல் கம்பனியோடு பேசியது. ஒரு வீட்டுக்குச் சுமார் 21 இலட்சம் ரூபா. அந்தக் காலத்தில் கல்வீடு கட்டுவதற்கு அரசு கொடுத்தது 8 இலட்சம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் உருக்கு வீட்டின் குறைகளை எடுத்துக் காட்டினார்கள். வடக்கின் அரசியல்வாதிகள், தங்களுக்குள் எதிலும் ஒத்துப்போகாதவர்கள்கூட, இதில் வேண்டாம் என்றார்கள். அத்திவாரம் போதாது, துருப்பிடிக்கும், உள்ளே வெக்கை, விறகடுப்பு மூட்ட வசதி இல்லை, பிறகு ஒரு அறை கூட்டிக் கட்ட முடியாது என்பவைதான் காரணங்கள். 65,000 என்ற அந்தத் திட்டம் அந்த வடிவில் நடக்கவே இல்லை. அன்றைக்கு அந்த உருக்கு வீட்டை எதிர்த்து நாமும் பேஸ்புக்கில் எழுதினோம். அரசாங்கம் கொண்டுவந்தால் மோசடி, நாம் கொண்டுவந்தால் ஸதகதுல் ஜாரியாவா? அதுவாவது உருக்கு. இது தகரம்.

'குசினி எங்கே?' என்று குழுமத்தில் கேட்டோம். காஸ் அடுப்பும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று பதில் வந்தது. சிலிண்டரை யார் நிரப்புவது? 2022 இல் கொழும்பிலேயே காஸ் இல்லாமல் வீதியில் வரிசையில் நின்றதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? இந்தக் குடும்பங்கள் பனை மட்டையிலும் விறகிலும் சமைப்பவை. ரெஜிபோம் வைத்த சுவரின் பக்கத்தில் விறகடுப்பு மூட்டினால் என்ன நடக்கும் என்று விற்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். படிப்பு என்கிறீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மத்தியானம் தகரத்துக்குள் ஒரு பிள்ளை உட்கார்ந்து படிக்காது, வேப்பமர நிழலுக்குத்தான் போகும். மாரியில் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் தாய் பேசுவதே கேட்காது. சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் நாகபட்டினம் மாவட்டத்தில் வரிசை வீடு கட்டுவதற்காக நின்ற மரங்களை வெட்டித் தரையைச் சமப்படுத்தினார்கள். வீடு வந்தது, நிழல் போனது. பகலில் உள்ளே இருக்க முடியாமல் சனம் வெளியே ஓலை இறக்கிக்கொண்டு இருந்தது. தகரம்கூட இல்லை, அவை கொங்கிறீட் வீடுகள்.

இனிக் காற்றும் வெள்ளமும். 2008 நவம்பரில் நிஷா புயல், யுத்தத்துக்குள், வன்னிச் சனம் தறப்பாளுக்குள் இருந்தபோது வந்தது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்த மழையில் கண்டாவளைப் பக்கம் தண்ணீருக்குள் கிடந்தது. 2020 டிசம்பரில் புரெவி. 2025 நவம்பரில் டித்வா. டித்வா நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, அதில் பெரும் பங்கு மலையகத்து மண்சரிவு. அந்த ஒப்பீட்டில் நாங்கள் தப்பினோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பதினேழு வருடத்துக்குள் நாலு தரம். இது எப்போதாவது வருகிற ஆபத்து என்று நினைத்து வீடு போட்டால் ஐந்தாவது தரமும் நாம்தான் வசூலுக்கு நிற்போம்.

பரந்தன் பக்கத்து மேசன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பட்டியலில் இருந்த சில வளவுகளுக்குப் போனோம். நாற்பது வருடமாகக் கல் வைக்கிறவர். தகர வீட்டுப் படத்தை போனில் காட்டினோம். சிரித்தார். "சேர், கூரை மேல இருந்து கீழ விழுறதில்ல. கீழ இருந்து மேலதான் கிளம்புறது" என்றார். அவர் சொன்னதை அன்று பின்னேரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் பட்டப்படிப்பில் இப்படி ஒரு பாடம் கிடைக்கவில்லை.

காற்று சாய்வு குறைந்த கூரைக்கு மேலால் வேகமாகப் போகும்போது கூரையை மேலே உறிஞ்சும். அதே நேரம் ஒரு யன்னல் திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழே இருந்து தள்ளும். இரண்டும் சேர்ந்தால் தகரம் பறக்கும், கூரை போனவுடன் மேலே பிடிப்பில்லாத சுவர் விழும். ஆகவே பாரமான சுவர் மட்டும் இருந்தால் போதாது, கூரையைச் சுவரோடும் சுவரை அத்திவாரத்தோடும் கட்டிவைக்க வேண்டும். யன்னல், கதவுக்கு மேலே வீடு முழுவதையும் சுற்றி ஒரு கொங்கிறீட் பட்டி ஓட வேண்டும். யன்னலுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போட்டுக் காசை மிச்சம் பிடிக்கிற இடத்தில்தான் பிறகு வெடிப்பு வரும். சுவர் முடிகிற இடத்தில் இன்னொரு பட்டி. அந்தப் பட்டிக்குள் கொங்கிறீட் போடும்போதே பிடித்துவைத்த போல்ட்டில் சுவர் மேல் மரத்தை இறுக்க வேண்டும். அந்த மரத்தோடு ஒவ்வொரு கைமரத்தையும் பட்டை வைத்துக் கட்ட வேண்டும். வெறும் ஆணி அடித்தால் காற்று பல் பிடுங்குவது மாதிரிப் பிடுங்கும். விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையின் நீட்டாக இறக்காமல் தனியாகப் போட்டால், விறாந்தை போனாலும் வீடு நிற்கும். கூரை நாலு பக்கமும் சரிந்திருந்தால் இன்னும் நல்லது, காற்று மோதுவதற்கு முக்கோணச் சுவர் இருக்காது. இவற்றில் எதற்கும் வெளிநாட்டுத் தொழில்நுட்பம் தேவையில்லை. எல்லாம் சேர்த்தாலும் வீட்டுச் செலவில் சிறு பங்குதான். ஆனால் பூச்சுப் பூசிய பிறகு இவற்றில் ஒன்றும் போட்டோவில் தெரியாது. அதுதான் பிரச்சினை.

உப்புக்கு என்ன செய்வது என்று கேட்டோம். கடற்கரை மணல் வேண்டாம். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் கொங்கிறீட் குழைக்க வேண்டாம், பவுசரில் நல்ல தண்ணீர் கொண்டுவாருங்கள், கொங்கிறீட் ஆறும் நாட்களில் ஊற்றுவதும் நல்ல தண்ணீராக இருக்கட்டும் என்றார். உப்புப் போனால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்தால் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலமாவது கொங்கிறீட் மூடியிருக்க வேண்டும். கருங்கல் அத்திவாரத்துக்கு மேலே, சுவர் தொடங்குமுன், தார் பூசிய ஒரு தட்டு; இல்லையென்றால் நிலத்து உப்புநீர் சுவரில் ஏறிப் பூச்சு உதிரும். நிலமட்டம் 2018 வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு மேலே வர வேண்டும், அது எது என்று வளவுக்காரரிடமே கேளுங்கள் என்றார். கேட்டோம். ஒரு வீட்டு அம்மா பூவரச மரத்தில் கை வைத்துக் காட்டினார், இடுப்புக்குச் சற்றுக் கீழே. நாம் கொண்டுவரப் போகிற பனல் வீட்டின் நிலம் நாலு அங்குலத் தட்டு.

இன்னொன்றும் சொன்னார். பிறகு அறை கூட்டுவதற்காகக் கம்பியை வெளியே நீட்டி விட்டுவைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம் அல்லவா, அதை ஆனையிறவில் செய்யாதீர்கள், இரண்டு மாரியில் கம்பி மெலிந்துவிடும், துரு உள்ளேயும் போகும். கல்லைப் பல் விட்டுக் கட்டுங்கள், பிள்ளை வளர்ந்து உழைக்கிறபோது அந்தப் பல்லில் தொடங்கிக் கட்டிக்கொள்வான் என்றார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்த ஒரே மனிதர் இந்த விவகாரம் முழுவதிலும் அவர்தான்.

சரி, யார் கட்டுவது? குடும்பத்திடமே காசைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, மேசனையும் ஒரு பொறியியலாளரையும் பக்கத்தில் நிறுத்திக் கட்டுவிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. 'காசைக் கொடுத்தால் சாப்பிட்டுவிடுவார்கள்' என்றார் ஒரு சகோதரர். ஐந்தரை இலட்சம் ரூபா இந்திய வீட்டுத்திட்டம் 2012 ஒக்டோபரில் தொடங்கியபோது இப்படித்தான் நடந்தது. காசு பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது, அத்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, சுவர் எழும்பினால் ஒரு பங்கு. அந்த முறையில் வடக்குக் கிழக்கில் 45,000 வீடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. கிளிநொச்சி மாவட்டத்தில் எந்த வீதியால் போனாலும் அவை நிற்கின்றன, கூட்டிக் கட்டிய அறைகளோடு. சாப்பிட்டா விட்டார்கள்?

குறை இல்லையா என்றால் இருந்தது. ஐந்தரை இலட்சம் போதவில்லை, நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு எடுத்தார்கள். குடும்ப அங்கத்தவர் தொகைக்குப் புள்ளி போட்டதால், யுத்தத்தில் ஆட்களைப் பறிகொடுத்துத் தனித்துப் போனவர்களே பின்னால் தள்ளப்பட்டார்கள். அதைவிடக் கொடுமை 2018, 2019 இல் தொடங்கிய அரசாங்க வீட்டுத்திட்டம். 2019 கடைசியில் ஆட்சி மாறியது, காசு நின்றது. முகடு வரை எழும்பிய சுவரோடு, கூரை இல்லாமல், கடனோடு சனம் நின்றது. பிறகு 2022 இல் சீமெந்துப் பை இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. அந்தச் சுவர்களுக்குள் இப்போது பற்றை வளர்ந்திருக்கிறது. ஆகவே நாங்கள் கேட்பது எட்டு வீட்டுக்கான முழுக் காசும் கையில் வந்த பிறகே முதல் அத்திவாரத்தை வெட்டுங்கள் என்பதுதான். விலையேற்றத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கி வையுங்கள். ஒருவரையும் கடனாளி ஆக்காத தொகையைக் கொடுங்கள்.

எமக்கு இது புதிதும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டுத் துரத்தப்பட்ட நம் பெற்றோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பல வருடம் இருந்தார்கள். எங்களில் மூன்று பேர் அந்தக் கொட்டிலில் வளர்ந்தவர்கள். 2007 இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய புத்தளம் வீட்டுத்திட்டத்தில் காசு நம்மவர் கைக்குத்தான் வந்தது. உம்மாமார் மணல் சலித்தார்கள், வாப்பாமார் கல் அரிந்தார்கள். அந்தக் காசை ஒருவரும் சாப்பிடவில்லை. நம்மிடம் காசைத் தந்து நம்பினார்கள், நாம் இன்னொரு ஏழையை நம்பமாட்டோமா?

அக்கரைப்பற்று நுரைச்சோலையை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறீர்கள். சுனாமியில் வீடிழந்த மக்களுக்காக சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள், பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, பங்கீடு நின்றது, பதினைந்து வருடத்துக்கு மேல் காடு மூடிக் கிடந்தது. அநியாயம்தான். இனவாதம்தான். அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். சொந்த வளவில், சொந்தக் கையால் எழும்பிய வீட்டை யாரும் வழக்குப் போட்டுப் பூட்ட முடியாது. 500 வீட்டையும் ஒரே இடத்தில் கட்டி, திறப்பை ஒரே கோர்வையாகக் கொடுப்பதற்கு வைத்திருந்தால், அந்தக் கோர்வையை யாரும் பறித்துக்கொள்ளலாம். ஜகாத்தில் 'தம்லீக்' என்று ஆலிம்கள் படித்துக் கொடுத்தது இதைத்தானே? வாங்குபவருக்கு உரித்தாக்கிக் கொடுக்க வேண்டும். ஜகாத்தில் கவனமாக இருக்கிற நாம், ஸதகா என்றவுடன் பெயர்ப் பலகையும் நாடாவும் கத்தரிக்கோலும் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

இன்னொரு கேள்வி உள்பெட்டியில் வந்தது. பெயர் போடவில்லை. 'அந்த இருபதில் நம்மவர்கள் எத்தனை பேர்? 1990ஐ மறந்துவிட்டீர்களா?' மறக்கவில்லை சகோதரரே. மேலே எழுதியதை வாசித்தால் தெரியும். இது ஜகாத் பணம் இல்லை, ஸதகா. ஸதகாவுக்கு அயலவன் என்பது போதும். அந்தப் பட்டியலில் உள்ள பிள்ளைகளில் ஒருவரும் 1990 இல் பிறந்திருக்கவில்லை. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு எழுத விருப்பமில்லை.

நேர்மையான கேள்வி ஒன்றே ஒன்றுதான் வந்தது, ஒரு சகோதரி கேட்டது. இருபதுக்குச் சேர்த்த காசில் எட்டுக் கட்டினால் மிச்சம் பன்னிரண்டு குடும்பம் என்ன செய்யும்? முழுதாக அழிந்த வீட்டுக்கு அரசு 50 இலட்சம் வரை அறிவித்திருக்கிறது, அது கிடைப்பவர்கள் எங்கள் பட்டியலில் இல்லை. எங்கள் பட்டியலில் இருப்பவர்களுக்கு இழப்பதற்கே வீடென்று ஒன்று இருக்கவில்லை. ஆகவே அந்தப் பன்னிரண்டும் வெறும் எண் இல்லை என்று தெரியும். அவர்களுக்கு இந்த மாரிக்கு மண்ணை உயர்த்திப் போட்டு, இருக்கிற கொட்டிலின் கூரையை இறுக்கிக் கட்டி, மலசலகூடம் ஒன்றை ஒழுங்காகக் கட்டிக் கொடுக்கலாம். உயர்த்திய மண்ணும் மலசலகூடமும் பிறகு வீடு கட்டும்போது வீணாகாது. அடுத்த வருடம் அடுத்த எட்டு. அதற்கு மீண்டும் வசூலிக்க வேண்டும், அப்போது டித்வா செய்தியில் இருக்காது, காசு குறைவாகத்தான் வரும். இதையும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறோம். தகர வீட்டைக் கொடுத்தால் 'பயனாளி' என்று பெயர் பதிந்துவிடும், பிறகு வருகிற எந்த வீட்டுத்திட்டத்திலும் அந்தக் குடும்பத்துக்கு இடமில்லை. துருப்பிடித்த பெட்டிக்குள் இருந்துகொண்டு 'உங்களுக்குத்தான் வீடு தந்தாச்சே' என்று பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டிவரும். பன்னிரண்டு குடும்பத்திடமும் போய் 'இந்த வருடம் இல்லை' என்று யார் சொல்வது என்று கேட்டீர்கள். நாங்கள் சொல்கிறோம். மறுநாள் காலை அவர்களின் பிள்ளைகள் முகத்தில் முழிக்கப் போகிறவர்கள் நாங்கள்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். பனல் கம்பனிக்காரரும் வருகிறாராம், வரட்டும். பனலின் உத்தரவாதப் பத்திரத்தை முழுதாக, சின்ன எழுத்தையும் சேர்த்து, சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். கடற்கரையிலிருந்து எத்தனை கிலோமீற்றருக்குள் உத்தரவாதம் செல்லாது என்று அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியலில் உள்ள இரண்டு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். மேசனும் வருகிறார். அவர் பின்வரிசையில் நிற்கிற ஆள். முன்னுக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கள்.